திண்ணையும் திரையும்: நம் பிள்ளைகளின் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் நிறைந்த ஆண்டு விழாவில் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். செயலாளர் எங்களை அழைத்தபொழுது நாங்களும் அவ்வாறே தயங்கினோம். இக்குடியிருப்பிலும் சுற்று வட்டாரத்திலும் பல்லாண்டு கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் நால்வர் நம் சங்கத்தில் உள்ளோம். நால்வரும் கூடிப் பேசி எழுதியதை ஒருவர் வாயால் படிக்கிறோம். ஆகவே, இவ்வுரையில் ‘நாங்கள்’ என்று வருமிடத்தெல்லாம் அந்நால்வரையும் கொள்ள வேண்டுகிறோம்.

சென்ற பொங்கல் விழாவன்று இம்மண்டப வாயிலில் கண்ட ஒரு காட்சியே இவ்வுரைக்கு வித்து. ஊரிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர், நான்காம் வகுப்பிற் பயிலும் தம் பேரனை அருகில் அமர்த்தி, “ஏழெட்டு எவ்வளவு, சொல்லு ராசா” என்று கேட்டார். சிறுவன் விழித்தான். “பாட்டி சாத் அட்டே கேக்கறாங்கடா” என்று தாய் எடுத்துக் கொடுத்ததும், “சப்பன்!” என்று துள்ளி விடை சொன்னான். இப்பொழுது விழித்தவர் பாட்டி. ஐம்பத்தாறு என்னும் விடை இருவரிடமும் இருந்தது. அதைக் கொடுக்கவும் வாங்கவும் சொல்தான் இல்லை. சுற்றியிருந்தோர் சிரித்தனர், நாங்களும் சிரித்தோம். வீடு சென்றபின் சிரிப்பு வரவில்லை. நம் குடும்பங்களில் மூன்று தலைமுறையினர் மூன்று வகையாகக் கணக்குக் கற்றிருக்கிறோம். அம்மூன்றும் எவ்வாறு மாறின, மாற்றத்தில் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பதை இன்று உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

திண்ணைக் கணக்கு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. தென்னாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பவை அவர்கள் ஓதிய கணக்குச் சுவடிகள். எண் வரிசையும், தானிய அளவையும், பெருக்கல் வாய்பாடும், நில அளவைக்குரிய பெருக்கமும் இவற்றால் மனத்தில் ஏறின. முழு எண்களை மேல்வாயிலக்கம் என்றும், பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் வகுத்தனர். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு; காணி 80-இல் ஒரு பங்கு; மா 20-இல் ஒரு பங்கு; வீசம் எனப்படும் மாகாணி 16-இல் ஒரு பங்கு. முக்காலை முக்காலாற் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டால், இன்று நாம் காகிதம் தேடுவோம். திண்ணைப் பிள்ளை ‘அரையே வீசம்’ என்று நின்ற இடத்திலேயே சொல்வான். பதினாறில் ஒன்பது பங்கென்பது அதுதானே!

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர். அதற்கு முன்பே, 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நம்மவர் மணலில் எழுதக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திக் காட்டினார். தாயகம் திரும்பி 1797-இல் அதனைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்ற கதை இது.

பழைமை என்பதற்காக அனைத்தையும் புகழ்வது நேர்மையாகாது. அத்திண்ணையில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் இடமில்லை; பெண் குழந்தைகளுக்கு இடம் மிக அரிது. கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகளும் இருந்தன. ‘ஏன்’ என்னும் வினா அங்கு மிகுதியாக ஒலிக்கவில்லை. ஆயினும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்குக் கற்ற கணக்கு மறுநாளே களத்துமேட்டிலும் கடைவீதியிலும் பயன்பட்டது. பள்ளிக் கணக்கு வேறு, வாழ்க்கைக் கணக்கு வேறு என்னும் பிளவு அங்கு இல்லை.

சிலேட்டும் சூத்திரமும்

ஆங்கிலக் கல்வி வேரூன்றியபின் அப்பிளவு தோன்றியது. யூக்ளிடின் வடிவியலும், ஹால், நைட் இருவரின் இயற்கணிதமும், லோனியின் கோண அளவியலும் நம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தன. அவை சிறந்த நூல்கள் என்பதில் ஐயமில்லை. நிறுவுதல் என்னும் அரிய பழக்கத்தை நமக்குத் தந்தவை அவை. கும்பகோணத்துச் சிறுவர் இராமானுசன் லோனியின் நூலைத் தாமே கற்றுத் தேர்ந்ததையும், தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்ததையும் நாடறியும். அவரே பிற பாடங்களில் தேறாமையாற் கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாமற் போனதையும் நாடறியும். தேர்வு என்னும் சல்லடையில் இராமானுசனே தங்கவில்லை என்றால், அச்சல்லடையின் கண்களை ஆராய வேண்டாவா?

அணா போய் நயா பைசா வந்த கதை

எங்கள் நால்வரின் பள்ளிப் பருவம் 1950-களில் அமைந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பைசா. ஆகவே ரூபாய்க்கு 192 பைசா. ஒரு மணங்குக்கு எட்டு வீசை, வீசைக்கு நாற்பது பலம். மைலுக்கு 1,760 கெஜம், கெஜத்துக்கு மூன்று அடி, அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதிலேயே எங்கள் ஆரம்பப் பள்ளி நாள்களிற் பெரும்பகுதி கழிந்தது.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. 1956-இல் இயற்றிய சட்டத்தின் வழி, கிலோவும் மீட்டரும் லிட்டரும் படிப்படியாக வந்து சேர்ந்தன. அன்று கடைகளில் நடந்த வழக்குகளை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. எனவே, ஓரணாவுக்கு ஆறும், ஈரணாவுக்குப் பன்னிரண்டும், மூன்றணாவுக்குப் பத்தொன்பதும், நாலணாவுக்கு இருபத்தைந்தும் என வகுத்தனர். நாலணா சரியாகப் பொருந்தியதால், 25 காசு நாணயம் 2011-இல் செல்லாததாகும் வரை மக்கள் அதனை நாலணா என்றே அழைத்தனர். ‘நயா’ என்னும் அடைமொழி 1964-இலேயே நீங்கிவிட்டது.

இம்மாற்றம் பிள்ளைகளின் தலைச்சுமையைப் பெரிதும் இறக்கியது. கூட்டலும் பெருக்கலும் எளியவாயின. பதின்மப் புள்ளியை நகர்த்தினால் போதும். ஆயினும், ஒன்று மெல்ல நழுவியது. ஒரு படி அரிசி ஐந்தணா நான்கு பைசா என்றால், அது ரூபாயில் மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஆகவே இருபத்தேழு படிக்கு ஒன்பது ரூபாய் என்று எங்கள் தந்தையர் கண் இமைக்குமுன் சொல்வர். நூற்றை மூன்றாற் பகுத்தால் முடிவின்றி மூன்றுகள் வரும். பின்னத்தைப் பங்காகக் காணும் கண் குறைந்து, புள்ளிக்குப் பின்வரும் இலக்கமாகக் காணும் கண் வளர்ந்தது. இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

புதுக்கணிதம் புகுந்தது

1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அதிர்ந்துபோன அமெரிக்கா 1958-இல் பள்ளிக் கணிதத்தைத் திருத்த ஒரு குழு அமைத்தது. கணங்கள், எண்ணுருக்களின் அடிமானங்கள், பண்புகள் எனப் ‘புதுக்கணிதம்’ பிறந்தது. 1961-இல் நம் நாட்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு தோன்றியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணைக்குழு, பத்தாம் வகுப்பு வரை கணிதத்தை அனைவருக்கும் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. அதற்குமுன் கணிதத்தை இடையில் விட்டுவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், அப்பரிந்துரையின் பெருமை விளங்கும்.

1970-களில் நாங்கள் இங்கு ஆசிரியப் பணி ஏற்றபொழுது கணங்களின் காலம். வட்டத்துக்குள் வட்டம் வரைந்து வெட்டும் பகுதிக்குக் கோடிட்டோம். பெற்றோர் திகைத்தனர். ஆலையில் கொதிகலனுக்குக் கணக்குப் போடும் பொறியாளர் ஒருவர் தம் மகளின் ஏட்டை எங்களிடம் காட்டி, “ஐயா, இதில் கணக்கு எங்கே இருக்கிறது?” என்று வினவினார். மாரிஸ் கிளைன் என்னும் அமெரிக்க அறிஞரும் 1973-இல் இதே வினாவை எழுப்பி ஒரு நூல் எழுதினார். புதுக்கணிதம் ‘ஏன்’ என்பதைப் பள்ளிக்குள் கொணர்ந்தது. கொணர்ந்த விரைவில் ‘எவ்வளவு’ என்பதை வாயிலிலேயே நிறுத்திவிட்டது.

ஒரு சுழியின் கதை

இனி நாங்கள் சொல்லப் போவது எங்கள் பிழை. அன்று ஆறாம் வகுப்பில் தேநீர்க் கடைக்காரர் ஒருவரின் மகன் பயின்றான். தேர்வில், பேனா ஒன்று 30 காசு எனில் 17 பேனாக்களின் விலை யாது என்று வினவியிருந்தோம். அவன் 5 ரூபாய் 10 காசு என்று விடையை மட்டும் எழுதியிருந்தான். வழிமுறை இல்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான் என்று முடிவு கட்டிச் சுழி இட்டோம். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டபொழுது, “பத்துக்கு மூன்று ரூபாய், ஏழுக்கு இரண்டு ரூபாய் பத்துக் காசு” என்று தன் மொழியில் முணுமுணுத்தான். பிள்ளைகள் சிரித்தனர். நாங்கள் அவர்களை அடக்கவில்லை. மறு ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவன் சொன்னது பங்கீட்டு விதி. அதே விதியைத்தான் அடுத்த மாதம் கரும்பலகையில் எழுத்துகளைக் கொண்டு நாங்கள் கற்பித்தோம். கையிலே கனியை வைத்திருந்தவனை விரட்டிவிட்டுப் படத்திலே கனியைக் காட்டினோம். அச்சுழியை இட்ட கை எங்கள் நால்வருள் ஒருவருடையது; மற்ற மூவரும் அத்தகைய சுழிகளை இடாதவர் அல்லர். 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டப்ளோ முதலிய பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தில்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தைகளில் வேலை செய்யும் சிறார், சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனத்திலேயே முடிக்கின்றனர். அதே கணக்கைப் பாட நூல் வடிவில் தந்தால் தடுமாறுகின்றனர். பள்ளிச் சிறாரோ ஏட்டில் செய்வதைச் சந்தையில் செய்ய இயலாமல் திகைக்கின்றனர். அதனைப் படித்த நாளில் அச்சிறுவனின் முகமே எங்கள் கண்முன் நின்றது.

இன்றைய நிலை

2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வரைவு, பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே குறிக்கோள் என்றது. அதற்கென அமைந்த கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். இராமானுஜம். கணக்கின்பால் பிள்ளைகளுக்குள்ள அச்சத்தையும் தோல்வியுணர்வையும் அக்குழு முதன்மைச் சிக்கலாக எடுத்துக் கூறியது. அதன் வழி வந்த ஐந்தாம் வகுப்பு நூலின் முதற் பாடமே மீன்களையும் மீனவரையும் பற்றியதாக அமைந்தது. சந்தை மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது. 2020-இன் கல்விக் கொள்கையோ, இயன்றவிடத்து ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழியிற் கற்பிக்கச் சொல்கிறது.

கொள்கை உயர்ந்ததே. ஆயினும், 2024-இல் ஊரகப் பிள்ளைகளிடையே நடந்த ஏசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்பினருள் வகுத்தல் கணக்கைச் செய்ய வல்லவர் ஏறத்தாழப் பத்தில் மூவரே. நம் குடியிருப்பிலோ சிக்கல் வேறு. இங்கே ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வுப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. பள்ளி விட்டதும் பயிற்சி நிலையம். அது விட்டதும் கைப்பேசித் திரை. திரையில் தோன்றும் ஆசிரியர் எங்களினும் நன்றாகவே விளக்குகிறார். அதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு வெட்கமில்லை. மீண்டும் மீண்டும் கேட்டாலும் அவர் சினப்பதில்லை. ஆனால், தேநீர்க் கடைச் சிறுவனின் முணுமுணுப்பைக் குனிந்து கேட்கும் செவி அவருக்கு இல்லை. செவி இருந்த நாங்களும் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் துயரம்.

எண்ணும் தாய்மொழியும்

வட நாட்டில் வாழும் நமக்கு மற்றொன்றும் உண்டு. தமிழில் எண்ணுப்பெயர் பெரும்பாலும் தன் கணக்கைத் தானே சொல்லும். எழுபத்தொன்பது என்றால் எழுபதும் ஒன்பதும். இந்தியில் அது உன்யாசி, எண்பத்தொன்பதோ நவாசி. இவ்விரண்டுக்கும் இடையே திணறாத பிள்ளை இக்குடியிருப்பில் இல்லை. ஆங்கிலத்தின் ‘இலெவன்’ தன்னுள் பத்து இருப்பதைக் காட்டாது. நம் பதினொன்று காட்டும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் நம் மொழியிலும் சற்றே முரண்டு பிடிக்கும் என்பது உண்மை. ஆயினும், இடமதிப்பு விளங்காமல் தவிக்கும் குழந்தைக்குத் தமிழெண் கைகொடுப்பதை நாங்கள் பலமுறை கண்டுள்ளோம்.

இதனை இந்தியின்மீது குறையாகச் சொல்லவில்லை. இந்நாட்டு மூத்தோரும் பௌவா, அத்தா, பௌனா, சவையா, டேவடா, அடையா என்று கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை வாய்பாடுகளை நம் கீழ்வாயிலக்கம் போலவே ஓதி வளர்ந்தவர். அவர்தம் பேரர்களும் அவற்றை மறந்துவிட்டனர். இழப்பில் நாமும் அவரும் உறவினரே.

எங்கள் வேண்டுகோள்

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். ஞாயிறுதோறும் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பில் எழுத்தோடு எண்ணையும் சேர்க்க வேண்டும். அவ்வகுப்பை ஊதியமின்றி ஏற்க நாங்கள் நால்வரும் ஆயத்தமாக உள்ளோம். அடுத்த பொங்கல் விழாவின் பந்திக் கணக்கை, அரிசி எத்தனை கிலோ, வெல்லம் எத்தனை கிலோ, ஒரு தலைக்கு என்ன செலவு என்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடமே ஒப்படைக்க வேண்டும். பிழை வந்தால் சர்க்கரைப் பொங்கல் சற்றுக் குறையும். அதனால் குடி முழுகிவிடாது.

தாய்மார்களே! உங்கள் வாயிற்படியிலேயே கணிதம் இருக்கிறது. ஏழிலிருந்து ஒன்று வரை நேர்ப்புள்ளி வைக்கிறீர்கள். நடுவில் ஏழு, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் இருபத்தைந்து. ஒரு பாதியை நடுவரிசையோடு எண்ணினால் பதினாறு, மறு பாதி ஒன்பது. நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும்! ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்கம் வரும் என்பதைக் கோலம் கண்முன் காட்டுகிறது. 1970-களில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அறிஞர்கள் கோலத்தின் அமைப்பைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து உலக அறிஞர்முன் வைத்தனர். கோலமிடும் கைகளுக்குக் கணக்கு வராது என்று எவரும் சொல்ல வேண்டா. நம் வீட்டுப் பெண் குழந்தையிடம் அச்சொல்லை விளையாட்டுக்கும் சொல்ல வேண்டா.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடை தவறினால் சினவாது, ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேளுங்கள். விடை சரியாக இருந்தாலும் அதையே கேளுங்கள். அவ்வொரு வினாவைக் கேட்கத் தவறியதற்கு நாங்கள் தந்த விலை ஒரு மாணாக்கன். அவன் இன்று எந்த ஊரில் எந்தக் கடையில் இருக்கிறான் என்பதை அறியோம். கல்லாவில் அவனை எவரும் ஏமாற்ற முடியாது என்பதை மட்டும் அறிவோம்.

அம்மூதாட்டி ஊர் திரும்புமுன் ‘சப்பன்’ என்னும் சொல்லைக் கற்றுக்கொண்டாராம். பேரனும் ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று கற்றுக்கொண்டானாம். அவன் தாய் நேற்று எங்களிடம் சொன்ன செய்தி இது. ஒரு வீட்டில் நடந்தது நூறு வீடுகளில் நடக்கச் சங்கம் துணை நிற்க வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!